வியாழக்கிழமைச் சமையலறை விற்பனைக்கு இல்லை: தொண்டுச் சங்கம் தொழில் தொடங்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்க மண்டபத்தில் வியாழக்கிழமை தோறும் மதியம் முதியவர்களுக்குச் சாப்பாடு உண்டு. சோறு, பருப்பு, இரண்டு கறி. அறுபது பேர் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, வந்தவர்கள் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ‘இன்று சாப்பாடு இல்லை.’ உள்ளே அதே அடுப்பில் முந்நூறு பேருக்குக் கல்யாணப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. நல்ல ஆர்டர், கையில் ரொக்கம். அந்தப் பணத்தில் ஒரு மாத முதியோர் சாப்பாட்டையே நடத்தலாம் என்று கணக்குப் போட்டு அதை ஒப்புக்கொண்ட பொருளாளர் நான்தான். வாசலில் நின்ற ஒரு பெரியம்மா, “பரவாயில்ல தம்பி, அடுத்த வாரம் வர்றோம்” என்றார். பிரியாணி வாசனை வாசல் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

தொண்டு நிறுவனம் லாபம் வரும் தொழில் நடத்தலாமா, நடத்தினால் கொள்கை கெட்டுப்போகாதா என்று கமிட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். நடத்தலாம் என்பதுதான் என் பதில். மானியத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது. மாதாமாதம் நூறு ராண்டு கொடுத்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். சம்பாதித்துப் பொதுக்காரியம் செய்வது நமக்குப் புதிதும் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனில் வந்திறங்கியவர்களின் வாரிசுகள், கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துக் கோயிலும் கட்டினார்கள், அரசு ஒரு பங்கு தர மீதியைத் தாங்களே திரட்டிப் பள்ளிக்கூடமும் எழுப்பினார்கள்.

பணம் வந்ததால் எங்கள் சங்கம் அன்றைக்குத் தடுமாறவில்லை. எது விற்பனைக்கு, எது விற்பனைக்கு இல்லை என்று பணம் வருவதற்கு முன்பே எழுதி வைக்காததால் தடுமாறியது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் வரியையும் சட்டத்தையும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளியிருக்கிறேன்.

முதல் வேலை: ‘மாட்டோம்’ பட்டியல்

ஒரு தாள் போதும். கமிட்டி முழுவதும் உட்கார்ந்து, எந்த விலை கொடுத்தாலும் செய்ய மாட்டோம் என்பவற்றை எழுதுங்கள். ‘நேர்மை’, ‘சேவை’, ‘மனிதநேயம்’ என்று எழுதினால் ஒருவரும் சண்டை போட மாட்டார்கள், ஒரு பயனும் இருக்காது. நாள், இடம், ஆள், பொருள் என்று கைக்கு அகப்படும்படி எழுதுங்கள். எங்கள் தாளின் முதல் வரி: ‘வியாழக்கிழமை காலை 6 மணி முதல் மதியம் 2 மணி வரை சமையலறை விற்பனைக்கு இல்லை.’ அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் எழுதியது. கேட்டரிங் ஆர்டர் எடுப்பவர் போன் பேசும்போது கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறோம்.

நாள் பற்றிய வரியை முடித்ததும் யாருடைய பணம் என்ற கேள்விக்கு வாருங்கள். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம் எங்களிடம் வந்து, நூறு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கித் தருகிறோம், மண்டபத்தில் எங்கள் பேனர் மட்டும் இருக்கட்டும் என்றது. இங்கே வட்டிக்கு விடுபவர்களிடம் அரசு உதவித்தொகை அட்டையையே அடகாகக் கொடுத்துவிட்டு நிற்கிற முதியவர்கள் உண்டு. அட்டையை அப்படிப் பிடித்து வைப்பது சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது. எங்கள் வியாழக்கிழமைப் பந்தியில் உட்காருபவர்களிலேயே சிலர் கடனில் இருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் கடன் விளம்பரமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சீருடைக்கு வேறு வழி தேட ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் சுலபமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாட்டரிப் பணம் இன்னொரு தலைவலி. தேசிய லாட்டரி ஆணையம் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. சூதாட்டத்தால் குடும்பம் சிதைந்தவர்களுக்கு உதவும் சங்கம் அதை வாங்கலாமா? எங்கள் கமிட்டியில் இதற்கு இரண்டு கூட்டம் ஆனது. எல்லாச் சங்கத்துக்கும் ஒரே விடை கிடையாது. உங்கள் விடையை, விண்ணப்பப் படிவம் மேசைக்கு வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மண்டபத்தை வாடகைக்கு விடுவதாக இருந்தால் மது, மாமிசம், புரட்டாசி மாதம் மூன்றையும் பற்றி ஒவ்வொரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுக்கிறவர் முன்பணம் கட்டிய பிறகு இதைப் பேசினால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

மறுப்பதற்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1903இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை முதலில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வந்தது. அடுத்த ஆண்டு காந்தி அச்சகத்தை டர்பனுக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோனார். விளம்பரமும் வெளியார் அச்சு வேலையும் அச்சகத்துக்கு வருமானம் தந்தன. 1912இல் அவர் இரண்டையும் நிறுத்தினார். விளம்பரம் தேடி அலைவதிலும் வெளி வேலையிலும் போகும் உழைப்பைப் பத்திரிகையின் நோக்கத்துக்கே செலவிடலாம் என்பது கணக்கு. அதே முடிவை எல்லாரும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த வருமானம் நம் கையையும் நேரத்தையும் எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று அவர் பார்த்த பார்வை நமக்கும் வேண்டும்.

பட்டியலை யார் மாற்றலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எங்கள் சங்கத்தில் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பொருளாளர் அவசரத்தில் போனில் மாற்ற முடியாது.

இரண்டாவது: சங்கம் சட்டப்படி என்னவாக இருக்கிறது?

இதை நீட்டி முழக்கத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் தொண்டு அமைப்பு மூன்று வடிவத்தில் இருக்கலாம்: விதிமுறை ஏடு வைத்திருக்கும் சாதாரணச் சங்கம், டிரஸ்ட், 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான லாபநோக்கற்ற கம்பெனி. கம்பெனி என்றால் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும், 1997ஆம் ஆண்டு லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை போக வேண்டும். இதை மறந்து பதிவை இழந்த சங்கங்கள் நிறைய.

வரி விலக்கு தனிச் சமாச்சாரம். அதற்கு வருவாய்த் துறையான சார்ஸிடம் ‘பொது நலன் அமைப்பு’ என்ற ஒப்புதல் வாங்க வேண்டும். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். ஒரே ஆள் கையில் முடிவு இருக்கக் கூடாது. சம்பளம் அளவுக்கு மீறக் கூடாது. சங்கம் கலைந்தால் சொத்து இன்னொரு பொது நலன் அமைப்பு, அரசு போன்ற சட்டம் அனுமதிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அண்ணன், தம்பி, அண்ணி மூவரும் கமிட்டி என்றால் நடக்காது.

‘லாபநோக்கற்ற’ என்ற சொல் பலரைக் குழப்புகிறது. மிச்சம் வரக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மிச்சத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, நோக்கத்துக்கே செலவாக வேண்டும் என்றுதான் சொல்கிறது.

மூன்றாவது: வருமானம் எந்த வாசல் வழியாக வருகிறது?

ஒப்புதல் பெற்ற சங்கம் தொழில் செய்து ஈட்டும் பணத்தை வருமான வரிச் சட்டம் நான்கு வகையாகப் பார்க்கிறது. புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன்.

முதல் வகை, சங்கத்தின் நோக்கத்தோடு நேராக ஒட்டிய தொழில். குழந்தைகள் காப்பகத்தில் பெற்றோர் கட்டும் கட்டணம் மாதிரி. இது வரி விலக்குப் பெற மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும்: தொழில் நோக்கத்தோடு பிரிக்க முடியாமல் இணைந்திருப்பது, பெரும்பாலும் செலவை மீட்கும் அளவிலேயே நடப்பது, வரி கட்டித் தொழில் செய்கிற பக்கத்துக் கடைக்காரருக்கு நியாயமற்ற போட்டியாக இல்லாதிருப்பது.

இரண்டாவது, எப்போதாவது நடப்பது, அதுவும் பெரும்பாலும் கூலி வாங்காத தொண்டர்கள் கையால் நடப்பது. தீபாவளிப் பலகார விற்பனை, ஆண்டுக்கு ஒருமுறை பிரியாணி டிக்கெட் எல்லாம் இதில் வரும். இதற்கும் விலக்கு உண்டு. ஆனால் அதே பிரியாணியை மாதாமாதம், சம்பளச் சமையல்காரரை வைத்துப் போட்டால் அது ‘எப்போதாவது’ ஆகாது. மூன்றாவது வகை அமைச்சர் அரசிதழில் அறிவித்துத் தரும் விலக்கு. நம்மைப் போன்ற சின்னச் சங்கத்துக்கு அது அனேகமாகத் தேவைப்படாது.

மீதி எல்லாத் தொழிலும் நான்காவது வகை. வெளியாருக்கு மண்டப வாடகை, கேட்டரிங், கடை. இதில் சங்கத்தின் மொத்த வரவில் 5 சதவீதம் அல்லது 2,00,000 ராண்டு, இரண்டில் எது பெரிதோ அதுவரை வரி இல்லை. மொத்த வரவு 12 லட்சம் ராண்டு என்றால் 5 சதவீதம் 60,000தான். ஆகவே உங்கள் வரம்பு 2,00,000. மொத்த வரவு 60 லட்சம் என்றால் 5 சதவீதமே 3,00,000 ஆகிவிடும், அது உங்கள் வரம்பு. வரம்பைத் தாண்டிய வரவில் அதற்குரிய செலவு போக மிஞ்சுவதற்கு 27 சதவீதம் வரி.

வரி கட்டுவதைப் பாவம் மாதிரி நினைக்க வேண்டாம். முன்பு அளவு மீறித் தொழில் செய்தால் விலக்கையே இழக்கும் அபாயம் இருந்தது. 2006 முதல் மிஞ்சிய பகுதிக்கு மட்டும் வரி கட்டிவிட்டுச் சங்கம் தன் ஒப்புதலை வைத்துக்கொள்ளலாம். ஒளித்து வைத்தால்தான் ஆபத்து. வரியே இல்லாத ஆண்டிலும் சார்ஸுக்கு ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும்.

நன்கொடை ரசீதில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி ரசீது கொடுக்க அனுமதி பெற்ற சங்கத்துக்கு நன்கொடை தருபவர், தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் பிரியாணி டிக்கெட் வாங்கியவருக்கு அந்த ரசீது கொடுக்கக் கூடாது. அவர் பணம் கொடுத்தார், பிரியாணி வாங்கினார். அது நன்கொடை இல்லை. பேனர் போட்டுக்கொண்ட ஸ்பான்சருக்கும் அப்படித்தான். இன்னொன்று: கல்வி, நலப்பணி, மருத்துவம் போன்றவற்றுக்கு 18ஏ கிடைக்கும், கோயில் பூஜைக்கும் திருவிழாவுக்கும் கிடைக்காது. கோயில் கமிட்டியே அன்னதானமும் கல்வி உதவியும் செய்தால் வங்கிக் கணக்கையும் ஏட்டையும் தனித்தனியாக வைப்பது நல்லது. காவடிக்கு வந்த பணம் காவடிக்கே போனது என்று பக்தர்களுக்கும் காட்ட முடியும்.

யாராவது இலவசமாகத் தந்த பழைய துணி, பாத்திரங்களை விற்கும் கடை வைப்பதாக இருந்தால், தானமாக வந்த பொருள் விற்பனைக்கு 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரியிலிருந்து விலக்கு உண்டு. மொத்தக் கடையில் வாங்கி விற்கிற பொருளை அதோடு கலந்து கணக்கெழுதாதீர்கள்.

நான்காவது: உண்மையான கணக்கு

எங்கள் பிரியாணி விற்பனை ஒன்றின் கணக்கைத் தருகிறேன். 400 டிக்கெட், ஒன்று 80 ராண்டு, வரவு 32,000. கோழி, எண்ணெய், மசாலா, உருளைக்கிழங்கு, பருப்புக் கறி எல்லாம் சேர்த்து 15,000. லாபம் 17,000 என்று கைதட்டினோம். அப்புறம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவர், கேட்டார்: “அரிசி யார் கொடுத்தாங்க?” ஒரு கடைக்காரர் கொடுத்தார், 3,200 பெறும். டப்பாக்களை ஒரு உறுப்பினர் வாங்கி வந்தார், 1,200. சாமான் ஏற்றும் பக்கி (பிக்கப்) வண்டிக்கு ஒருவர் தன் காசில் பெட்ரோல் போட்டார், 800. இருபத்துநான்கு பேர் பத்து மணி நேரம் நின்றார்கள். 240 மணி நேரம். மணிக்கு 30 ராண்டு என்று குறைவாகப் போட்டாலும் 7,200. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 4,600.

ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இது அருமையான காரியம். ஊர் கூடுகிறது, பிள்ளைகள் வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், 17,000 ராண்டும் உண்மையாகவே வங்கிக்குப் போகிறது. ஆனால் 17,000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, மாதம் ஒன்று போட்டால் இரண்டு லட்சம் வருமே என்று திட்டம் போடுவதுதான் தப்பு. நாலாவது மாதம் அரிசிக்காரர் தயங்குவார். ஆறாவது மாதம் இருபத்துநான்கு பேர் ஒன்பது பேர் ஆவார்கள். அப்போது ஆள் கூலியும் அரிசி விலையும் உங்கள் தலையில். அதனால் தொடர்ந்து நடக்கப்போகும் எந்தத் தொழிலுக்கும், தானமாக வருவதற்கெல்லாம் விலை போட்டு ஒரு கணக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கில் மிச்சம் வந்தால் மட்டும் தொடங்குங்கள்.

சமைத்து விற்பதாக இருந்தால், 2018ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி சமையலறைக்கு மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர் தரும் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். ராஃபிள் டிக்கெட் விற்பதற்கும் லாட்டரிச் சட்டம் குறுக்கே வரும்; பரிசுக் குலுக்கல்தானே என்று கேட்காமல் நடத்தாதீர்கள்.

ஐந்தாவது: விலை போடும்போது கட்ட முடியாதவரை எங்கே உட்கார வைப்பீர்கள்?

இதற்கு நான் பார்த்த சிறந்த வழி மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவை சிகிச்சை. பணம் கட்டியவருக்கு அறை வசதி கூடும். கண்ணுக்குச் செய்யும் வேலையில் வித்தியாசம் இல்லை. இறக்குமதி லென்ஸ் விலை ஏழைகளுக்கு எட்டாதபோது 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே லென்ஸ் செய்தார்கள், விலை பல மடங்கு இறங்கியது. அங்கே தொழில் தொண்டுக்குப் பக்கத்தில் தனியாக ஓடவில்லை. நோயாளி கூடக் கூட மருத்துவர் கை தேர்ந்தது, செலவு குறைந்தது, இலவச சிகிச்சைக்கு வழி கிடைத்தது.

எங்கள் அளவு மிகச் சிறியது. சனிக்கிழமைக் கணக்கு டியூஷனுக்குக் கட்ட முடிந்தவர்களிடம் மாதம் 350 ராண்டு வாங்குகிறோம், முடியாதவர்களிடம் 50, சிலரிடம் ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் கணக்கு வசதிக்காக இலவசப் பிள்ளைகளுக்கு மஞ்சள் அட்டை, மற்றவர்களுக்கு வெள்ளை அட்டை கொடுத்தோம். மூன்றே வாரத்தில் மஞ்சள் அட்டைப் பிள்ளைகள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. இப்போது எல்லாருக்கும் ஒரே நிற அட்டை. யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும் தெரியும். விலைப்பட்டியல் எழுதும் நாளிலேயே இதையும் யோசித்துவிடுங்கள்.

ஆறாவது: தனிக் கம்பெனி எப்போது?

தொழில் வரவு வரி வரம்பை ஆண்டுதோறும் தாண்டுகிறது, ஆட்களுக்குச் சம்பளம் போகிறது, யாராவது வழக்குப் போட்டால் மண்டபமே போய்விடுமோ என்ற பயம் வருகிறது என்றால், தொழிலைத் தனியார் கம்பெனியாகப் பிரித்து, பங்கு முழுவதையும் சங்கத்தின் பெயரில் வைக்கலாம். கம்பெனி லாபத்துக்கு 27 சதவீதம் வரி கட்டும். அதன்பின் டிவிடெண்ட் (பங்குதாரருக்குத் தரும் லாபம்) சங்கத்துக்கு வரும்போது, உரிய உறுதிமொழிப் படிவம் கொடுத்திருந்தால், வழக்கமான 20 சதவீத டிவிடெண்ட் வரி பிடிக்க மாட்டார்கள்.

ஆனால் கம்பெனி வந்ததும் பேச்சு மாறும். கமிட்டியில் இருப்பவர்களே கம்பெனி இயக்குநர்களாகவும் இருந்தால், சங்கம் கம்பெனிக்குக் கொடுத்த பணம் கடனா தானமா என்று இரண்டு வருடத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொரு கடனையும் எழுத்தில், வட்டியோடு, திருப்பும் தேதியோடு வையுங்கள். கமிட்டிக்குச் சம்பந்தமில்லாத, தொழில் தெரிந்த ஒருவராவது இயக்குநராக இருக்கட்டும். ‘மாட்டோம்’ பட்டியலைக் கம்பெனியின் விதிமுறையிலும் சேருங்கள்; இல்லாவிட்டால் முன்வாசலில் மறுத்த பணம் பின்வாசல் வழியாக வரும். வருடம் இரண்டு லட்சத்துக்குள் தொழில் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லாத சுமை என்பது என் கருத்து.

ஏழாவது: சொந்தக்காரர்கள், சம்பளம், சேமிப்பு

தலைவரின் மளிகைக் கடையில் அரிசி வாங்கலாமா? வாங்கலாம், மூன்று கடைகளில் விலை கேட்டு, அவர் எழுந்து வெளியே போன பிறகு மற்றவர்கள் முடிவெடுத்தால். அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். நல்ல மனிதரைக் காப்பாற்றுவதற்கும் அந்த வரிதான் உதவும்.

ஒருவருக்குச் சம்பளம் என்றதும், அவர் பக்கத்தில் இலவசமாக நிற்பவர் மனதில் ஒரு கேள்வி எழும். அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். விற்பனை அடுப்பில் நிற்பவருக்குக் கூலி, வியாழக்கிழமை அடுப்பில் நிற்பவர் தொண்டர் என்று நாங்கள் பிரித்தோம். ஒரே அக்கா இரண்டிலும் நிற்கிறார். செவ்வாய்க்கிழமை கூலி வாங்குகிறார், வியாழக்கிழமை வாங்க மறுக்கிறார். வாங்கியே ஆக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தவில்லை, வாங்காமல் இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை.

மிச்சப் பணம் எங்கே போகும் என்பதைத் தொழில் தொடங்கும் முன்பே பங்கிட்டு எழுதுங்கள். நாங்கள் பாதியை முதியோர் சாப்பாட்டுக்கும், கால் பங்கை ஆறு மாதச் செலவுக்கான சேமிப்புக்கும், கால் பங்கை அடுப்பு, குளிர்ப்பெட்டி மாற்றவும் வைத்தோம். வங்கியில் பணம் இருப்பதைப் பார்த்து நன்கொடையாளர் சிலர், இனி உங்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஆறு மாதச் சேமிப்பு ஏன் வேண்டும் என்று ஒரு பத்தி எழுதி ஆண்டறிக்கையிலேயே போட்டுவிடுங்கள். 2020 ஊரடங்கில் மண்டபம் மூடிக் கிடந்தபோது வாடகை வரவு ஒரு ராண்டு கூட இல்லை. முதியவர்களுக்குப் பசி மட்டும் இருந்தது. அப்போது சாப்பாட்டைக் கட்டி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தது அந்தச் சேமிப்பிலிருந்துதான்.

எட்டாவது: முதல் ஆண்டு

சின்னதாகத் தொடங்குங்கள். எவ்வளவு நஷ்டம் வந்தால் நிறுத்துவோம், எந்தத் தேதியில் உட்கார்ந்து முடிவெடுப்போம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆசை வந்தபிறகு நிறுத்தும் தேதி எழுதக் கை வராது.

மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் இரண்டே எண்களைப் போடுங்கள். தொழிலில் வந்த மிச்சம் எத்தனை ராண்டு என்பது ஒன்று. சங்கம் எதற்காக இருக்கிறதோ அது அந்த மாதம் எத்தனை முறை நடந்தது, எத்தனை முறை தவறியது என்பது மற்றொன்று. எங்களுக்கு அது வியாழக்கிழமைச் சாப்பாடு. உங்களுக்கு வகுப்பாக இருக்கலாம், மருத்துவ முகாமாக இருக்கலாம். முதல் எண் ஏறி இரண்டாவது எண் இறங்கினால், ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்காமல் அந்த வாரமே கமிட்டியைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டத்துக்கு, சங்கத்தின் உதவி பெறுகிறவர்களில் இரண்டு பேரையும் அழைத்து, அவர்களை முதலில் பேசவிடுங்கள்.